வீட்டுக் கணினியில் சில தேடல்களை மட்டும் அழித்த அனுபவம்

கும்பகோணத்தில் அத்தை வீட்டுக் கூடத்தில் ஒரு கணினி இருக்கிறது. ஓய்வூதியத் தகவல், மின்கட்டணம், ரயில் டிக்கெட், பேரனின் பள்ளி வேலை எல்லாம் அதில்தான் நடக்கின்றன. விண்டோஸில் ஒரே கணக்கு, குரோமில் ஒரே சுயவிவரம், கடவுச்சொல் கிடையாது. யார் வந்து உட்கார்ந்தாலும் எல்லாம் திறந்தே இருக்கும்.

அந்தக் கணினியில் அத்தை சில காலமாகத் தன் உடல்நிலை குறித்துத் தேடிப் படித்துவந்திருக்கிறார். பரிசோதனை முடிவு கையில் கிடைத்த பிறகு வீட்டாரிடம் தானே சொல்வதாக இருந்தார். அதற்குள் பேரன் ஏதோ தேடப்போய், பாட்டி தேடிய சொல் முகவரிப்பட்டையின் கீழே வந்து நின்றுவிடக் கூடாது என்பதுதான் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது. அவர் எதைத் தேடினார் என்று நான் கேட்கவில்லை. விசைப்பலகையில் அவரையே உட்காரவைத்து, திரை தெரியாத பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எங்கே எதைச் சொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி இந்த வேலையை முடித்தோம். பிறருடைய கணினியில் இந்த வேலையைச் செய்யும் எவரும் இப்படிச் செய்வதே நல்லது. மற்றவர் கண்ணில் படக் கூடாது என்று ஒருவர் அழிக்கும் சொற்களை அழித்துத் தருபவர் படிக்க வேண்டிய தேவையே இல்லை.

கண்ட்ரோல், ஷிப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அழிக்கும் பெட்டி வந்துவிடும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் மூன்றுக்கும் இதே விசைகள்தான். கால அளவை ‘எல்லா நேரமும்’ என்று வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் உலாவியின் வரலாறு முழுவதும் போய்விடும். அந்த வழியில் நாங்கள் போகவில்லை. நம்மை அடையாளம் காண்பதற்காகத் தளங்கள் கணினியில் வைக்கும் சிறு கோப்புகளான குக்கீகளும் சேர்ந்து அழிந்தால் அத்தை உள்நுழைந்து வைத்திருக்கும் தளங்கள் எல்லாம் மறுபடியும் கடவுச்சொல் கேட்கும். அதைவிட முக்கியமான காரணம் வேறு. நேற்றுவரை நிறைந்திருந்த வரலாறு இன்று ஒன்றுமில்லாமல் கிடந்தால் கேள்வி அங்கிருந்தே தொடங்கும்.

அத்தைக்கு அது ஒரு சங்கடம், அவ்வளவுதான். வீட்டிலேயே அடியும் மிரட்டலும் அனுபவிக்கும் ஒரு பெண்ணுக்கு அது ஆபத்து. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர் வழக்கமான சமையல் குறிப்பையும் செய்தித் தளத்தையும் அப்படியே விட்டுவிட்டு, உதவி தேடிய பக்கங்களை மட்டும் நீக்குவது நல்லது. கணினியில் கண்காணிப்பு மென்பொருள் இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் அந்தக் கணினியில் தேடவே வேண்டாம். நூலகத்துக் கணினியோ நம்பிக்கையான தோழியின் கைபேசியோ பாதுகாப்பானது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்க இணையமே தேவையில்லை.

அத்தையின் கணினியைத் தொடுவதற்கு முன் என் மடிக்கணினியில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். நான் முன்பு ஒருபோதும் தேடியிராத சொல் ஒன்று வேண்டும். அப்போதுதான் எங்கெங்கே தடம் விழுகிறது என்று பிசகாமல் பார்க்கலாம். ‘கருங்குறுவை நெல் விதை’ என்று முகவரிப்பட்டையில் தட்டித் தேடினேன். இரண்டு பக்கங்களைத் திறந்து படித்தேன், ஒரு பிடிஎஃப் கோப்பையும் இறக்கிவைத்தேன்.

குரோம் தன் வரலாற்றை, தகவலை அட்டவணைகளாகச் சேமிக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளமாக ஒரே கோப்பில் வைத்திருக்கிறது. விண்டோஸில் ஆப்டேட்டா, லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா, டிஃபால்ட் என்று ஒவ்வொரு உறையாக (ஃபோல்டர்) உள்ளே போனால் ‘ஹிஸ்டரி’ என்ற பெயரில் பின்னொட்டு இல்லாத ஒரு கோப்பு இருக்கும். குரோமை மூடிவிட்டு அதற்கு ஒரு நகல் எடுத்து, எஸ்க்யூலைட் கோப்புகளைப் படிக்கும் இலவச மென்பொருளில் திறந்தேன். முகவரிகளுக்கு ஓர் அட்டவணை, ஒவ்வொரு வருகைக்கும் ஓர் அட்டவணை, பதிவிறக்கங்களுக்கு ஓர் அட்டவணை. இவற்றுக்கு நடுவே ‘கீவேர்ட் சர்ச் டெர்ம்ஸ்’ என்று இன்னொன்று. தேடுபொறியில் நாம் தட்டிய சொற்கள் மட்டும் அதில் வரிசையாக நிற்கின்றன. முகவரிகளின் அட்டவணையில் தமிழ் எழுத்துகள் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக மாறி அடையாளம் தெரியாமல் கிடக்கும். இந்த அட்டவணையிலோ கருங்குறுவை நெல் விதை என்று பளிச்செனத் தமிழிலேயே இருந்தது. பூட்டு எதுவும் இல்லை. எத்தனை முறை போனோம், கடைசியாக எப்போது போனோம் என்பதும் பக்கத்திலேயே இருக்கிறது. நேரத்தை மட்டும் 1601ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் மைக்ரோ விநாடிகளாக எண்ணி எழுதியிருப்பதால் பார்த்தவுடன் புரியாது; ஒரு சிறிய கணக்கில் மாற்றிவிடலாம்.

பிறகு கண்ட்ரோல், எச் அழுத்தி வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தேன். மேலே இருக்கும் தேடுபெட்டியில் ‘கருங்குறுவை’ என்று தட்டி, வந்த வரிகளைக் குறியிட்டு நீக்கினேன். நிறைய வரிகள் இருந்தால் முதல் பெட்டியில் குறியிட்டுவிட்டு, ஷிப்ட் விசையை அழுத்தியபடி கடைசிப் பெட்டியில் குறியிட வேண்டும். இடையில் உள்ளவை எல்லாம் தேர்வாகும். குரோமை மூடி, கோப்பை மறுபடியும் நகலெடுத்துத் திறந்தேன். முகவரிகளின் அட்டவணையிலும் சொற்களின் அட்டவணையிலும் அந்த வரிகள் இல்லை. நாம் தட்டும் முதல் எழுத்துகளையும் அதற்கு நாம் தேர்ந்தெடுத்த முகவரியையும் நினைவில் வைக்கும் ‘ஷார்ட்கட்ஸ்’ என்ற இன்னொரு கோப்பிலும் இல்லை. தடயவியல் ஆய்வகத்தில் வட்டைச் சுரண்டிப் பார்த்தால் துணுக்குகள் கிடைக்கக்கூடும். ஒரு வீட்டுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

ஆனால் கூகுள் முகப்புக்குப் போய்த் தேடுபெட்டியில் ‘கரு’ என்று தட்டியதும், கடிகாரக் குறியோடு கருங்குறுவை நெல் விதை வந்து நின்றது. பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். உலாவியில் அழித்தாயிற்று, இன்னும் எப்படி வருகிறது என்று திகைக்கிறார்கள். அந்தச் சொல் இப்போது கணினியிலிருந்து வரவில்லை. நாம் உள்நுழைந்திருக்கும் கூகுள் கணக்கில் ‘எனது செயல்பாடு’ என்ற பகுதியில் அது தனியாகப் பதிவாகியிருக்கிறது, அங்கிருந்து வருகிறது. உலாவியின் வரலாறு ஒன்று, கணக்கின் வரலாறு வேறொன்று. ஒன்றை அழித்தால் மற்றது அழியாது.

இதைத் தெரிந்துகொண்டுதான் அத்தையின் கணினியில் கைவைத்தோம்.

வரலாற்றுப் பக்கத்தில் தேடும்போது ஒரே ஒரு சொல்லைத் தேடி நிறுத்திவிடக் கூடாது. நம் ஊரில் ஒரே விஷயத்தைத் தமிழில் ஒருமுறையும், தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டி ஒருமுறையும், மருத்துவச் சீட்டில் இருக்கும் ஆங்கிலப் பெயரால் ஒருமுறையும் தேடுவோம். எழுத்துப் பிழையோடு தேடியது வேறு இருக்கும். அத்தை இத்தனை வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டி நீக்கினார். மருத்துவமனை, ஆய்வகம், மருந்து விற்கும் தளம் ஆகியவற்றின் பெயர்களையும் அப்படியே தேடினார். குரோம் கணினியில் 90 நாள் வரலாற்றைத்தான் காட்டும் என்பதால் அதற்கு முந்தையது இந்தப் பக்கத்தில் வராது. கைபேசியும் இதே கணக்கில் வரலாற்றை ஒத்திசைத்துக்கொண்டிருந்தால் இங்கே நீக்கியது அங்கேயும் நீங்கும்.

முகவரிப்பட்டையில் அத்தை முதல் எழுத்துகளைத் தட்டிப் பார்த்தபோது ஏதோ ஒரு வரி இன்னும் வந்தது. கீழம்புக்குறியால் அந்த வரிக்கு இறங்கி, ஷிப்ட், டெலீட் அழுத்தியதும் போய்விட்டது. படிவங்களில் நிரப்பியவற்றுக்கும் இதே விசைகள்தான். மருத்துவமனைத் தளத்தில் முன்பதிவு செய்தபோது ‘உங்கள் பிரச்சினை என்ன’ என்ற கட்டத்தில் எழுதியதை, அடுத்த முறை வேறொரு தளத்தின் கட்டத்தில் உலாவி தானாக எடுத்து நீட்டக்கூடும்.

அடுத்தது குக்கீகள். தேடிய தளங்கள் வைத்துவிட்டுப் போகும் குக்கீகளால் அதே பொருளில் விளம்பரங்கள் நம் பின்னாலேயே வரும். பேரன் விளையாட்டுச் செய்தி படிக்கும்போது ஓரத்தில் ஆய்வக விளம்பரம் நின்றால் மற்றதை எல்லாம் அழித்தும் பயனில்லை. குரோம் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் எல்லாத் தளங்களின் தரவையும் காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. அதில் அந்தத் தளங்களை மட்டும் தேடி, தரவை நீக்கினோம். ஓய்வூதியத் தளமும் வங்கித் தளமும் அப்படியே இருந்தன.

பதிவிறக்கங்களில் கவனம் வேண்டும். கண்ட்ரோல், ஜே அழுத்தினால் வரும் பட்டியலிலிருந்து ஒரு வரியை எடுத்துவிட்டால் பட்டியல்தான் சுத்தமாகிறது. கோப்பு டவுன்லோட்ஸ் உறையில் அப்படியே இருக்கிறது. அத்தை அங்கே போய்க் கோப்புகளை ஒரு பென்டிரைவுக்கு மாற்றிக்கொண்டு, கணினியில் இருந்தவற்றை நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்தவுடன் அண்மையில் பார்த்த கோப்புகளின் பெயர்கள் வரும். பிடிஎஃப் படிக்கும் மென்பொருளிலும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. பரிசோதனை அறிக்கையின் கோப்புப் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதால் இரண்டையும் பார்த்துவிட்டோம். விண்டோஸின் தேடல் பெட்டிக்கும் தனி வரலாறு இருக்கிறது. தனியுரிமை அமைப்புகளில் தேடல் பகுதியில் அதை அழிக்கலாம்.

பிறகு கணக்கு. ‘எனது செயல்பாடு’ பக்கத்தைத் திறந்ததும் அத்தை சற்று நேரம் பேசவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் தேடியவையெல்லாம் தேதி, நேரத்தோடு இருந்தன. புதிய கணக்குகளில் தேடல் செயல்பாடு 18 மாதத்தில் தானாக அழியும் ஏற்பாட்டை 2020இல் கூகுள் இயல்பாக்கியது. அதற்கு முன் தொடங்கிய கணக்குகளில் உரியவர் அமைத்தால்தான் அது நடக்கும். அத்தையின் கணக்கு பழையது, யாரும் அமைக்கவில்லை.

இங்கேயும் தேடுபெட்டி உண்டு. தாளில் எழுதிய அதே வடிவங்களைத் தட்டி அத்தை ஒவ்வொன்றாக நீக்கினார். கூகுள் தேடல் மட்டும் இங்கே இல்லை. வரைபடத்தில் மருத்துவமனைக்கு வழி பார்த்தது, படத் தேடல் ஆகியவையும் கிடக்கும். முடித்ததும் ‘இணையம் மற்றும் ஆப்ஸ் செயல்பாடு’ என்ற அமைப்பில் தானாக அழிக்கும் காலத்தை 3 மாதம் என்று வைத்தோம். 3, 18, 36 என்று மூன்று தெரிவுகள் இருக்கின்றன. முழுவதுமாக அணைத்துவிடவும் வழி உண்டு. பழைய தேடல்கள் தனக்கு உதவுகின்றன என்று அத்தை சொன்னதால் அணைக்கவில்லை.

என்னைக் கேட்டால் இந்த வேலையில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் யூடியூப். நம் வீடுகளில் பெரியவர்கள் நோயைப் பற்றிப் படிப்பதைவிட மருத்துவர் தமிழில் பேசும் காணொளியைப் பார்ப்பதே அதிகம். அதே கணக்கு கூடத்துத் தொலைக்காட்சியிலும் திறந்திருக்கும். ஒருவர் கணினியில் தனியாக நான்கு காணொளிகள் பார்த்தால் போதும், மறுநாள் மாலை எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது தொலைக்காட்சியின் முதல் திரையில் அதே நோயைப் பற்றிய காணொளிகள் வரிசையாக வந்து நிற்கும். யாரும் எதையும் துருவிப் பார்க்கத் தேவையில்லை. யூடியூபின் வரலாற்றுப் பக்கத்தில் பார்த்தவை தனி, தேடியவை தனி. இரண்டிலும் நீக்கினோம். பரிந்துரைகளில் மிச்சமாக வந்தவற்றுக்கு ‘ஆர்வமில்லை’ என்று கொடுத்தோம். தானாக அழியும் காலத்தை யூடியூபுக்குத் தனியாக அமைக்க வேண்டும். தேடலுக்கு வைத்தது இதற்குச் செல்லாது. கடைசியில் தொலைக்காட்சியைப் போட்டு, முகப்பைக் கீழே வரை நகர்த்திப் பார்த்த பிறகுதான் அத்தை நிம்மதியானார்.

இப்போது பலர் தேடுபொறிக்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேட்கிறார்கள். அந்த உரையாடல்கள் அந்தந்தக் கணக்கின் பக்கவாட்டில் தலைப்போடு வரிசையாக நிற்கும். உலாவியில் எதை அழித்தாலும் அவற்றைத் தொடாது. அங்கேயே போய் நீக்க வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதன் வரலாற்றுச் சாளரத்தில் ஒரு வரியை வலது சொடுக்கினால் ‘இந்தத் தளத்தை மறந்துவிடு’ என்ற தெரிவு வரும். அந்தத் தளத்தின் வரலாறு, குக்கீகள், தற்காலிகச் சேமிப்பு எல்லாவற்றையும் ஒரே வீச்சில் எடுத்துவிடும் அருமையான வசதி. சேமித்த கடவுச்சொல்லும் புத்தகக்குறியும் மட்டும் தங்கும். மருத்துவத் தளங்களுக்கு அதைப் பயன்படுத்தலாம். கூகுளின் வரலாறும் குக்கீகளும் முழுவதுமாகப் போய்விடும் என்பதால் கூகுள் முடிவுப் பக்கத்தின்மேல் பயன்படுத்தக் கூடாது. தேடல் வரிகளைத் தனித்தனியாகவே நீக்க வேண்டும். எட்ஜில் பிங் வழியாகத் தேடியிருந்தால் மைக்ரோசாஃப்ட் கணக்கின் தனியுரிமைப் பக்கத்துக்கும் போக வேண்டியிருக்கும்.

இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியுமா என்று அத்தை கேட்டார். எந்தத் தளத்துக்குப் போனோம் என்பது தெரியக்கூடும். எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்க இணைப்பில் கூகுளில் என்ன சொல் தட்டினோம் என்பது தெரியாது. விண்டோஸும் போன தளங்களின் பெயர்களைச் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். கணினியை மறுதொடக்கம் செய்தால் அது போய்விடும். அலுவலகக் கணினியின் கதை வேறு. ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று குரோமின் பட்டியலில் இருந்தால் வரலாற்றை அழிக்கும் உரிமையையே நிர்வாகி எடுத்துவிட முடியும். நாம் அழித்தாலும் அவர்களிடம் தனிப் பதிவு இருக்கலாம். வழக்கோ விசாரணையோ நடக்கும்போது எதையும் அழிக்கவும் கூடாது. அது சாட்சியத்தை அழித்ததாகும்.

இவ்வளவு சிரமம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. 2006 ஆகஸ்ட் மாதம் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6.5 லட்சம் பயனர்களின் ஏறத்தாழ 2 கோடி தேடல்களை, பெயர்களை நீக்கி எண்களை மட்டும் கொடுத்து, ஆய்வாளர்களுக்கென்று வெளியிட்டது. சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் வெறும் தேடல் சொற்களைக் கொண்டு ஒரு எண்ணுக்குரிய பெண்மணியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் வசித்த முதியவர் அவர். அவருடைய தேடல்களில் பல நோய்கள் இருந்தன. அவற்றில் பலவும் தோழிகளுக்காக அவர் தேடிக் கொடுத்தவை. தேடல் வரலாற்றைப் பார்ப்பவருக்கு அது தெரியாது. பயந்து தேடியதையும் பிறருக்காகத் தேடியதையும் நோய் என்றே முடிவு கட்டிவிடுவார். சொல்ல வேண்டியதை எப்போது, யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது என்பது அத்தையின் உரிமை. உலாவியின் தானியங்கிப் பரிந்துரை அதை அவரிடமிருந்து பறித்துவிடக் கூடாது என்றுதான் அரை நாள் உட்கார்ந்தோம்.

அழித்து முடித்தபின் இனி வருவதற்கான ஏற்பாடு. கண்ட்ரோல், ஷிப்ட், என் அழுத்தி மறைநிலைச் சாளரத்தில் தேடும் பழக்கத்தை அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தேன். சாளரத்தை மூடியதும் வரலாறும் குக்கீகளும் கணினியில் தங்காது. இறக்கிய கோப்பும் சேமித்த புத்தகக்குறியும் தங்கும். மறைநிலையிலேயே கூகுள் கணக்கில் உள்நுழைந்தால் கணக்கில் பதிவாகும். மறைநிலை என்ற பெயரைப் பார்த்துப் பலர் அளவுக்கு மீறி நம்பிவிடுகிறார்கள். இதையொட்டி 2020இல் அமெரிக்காவில் கூகுள்மேல் வழக்கே தொடரப்பட்டது. 2024இல் வெளியான உடன்பாட்டின்படி, திரட்டிய பதிவுகளை அழிக்கவும், மறைநிலையின் முதல் பக்க அறிவிப்பைத் தெளிவாக்கவும் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. தேடல் வரலாற்றை ஆளோடு சேர்த்துச் சேமிப்பதில்லை என்று அறிவித்திருக்கும் டக்டக்கோ தேடுபொறியையும் மறைநிலையில் திறந்து காட்டினேன். அத்தைக்குக் கூகுளின் தமிழ் முடிவுகளே பிடித்திருந்தன. சரி என்று விட்டுவிட்டேன்.

உண்மையான தீர்வு, ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு. குரோமில் தனிச் சுயவிவரம் மட்டும் போதாது. ஒரே விண்டோஸ் கணக்குக்குள் இருக்கும் எந்தச் சுயவிவரத்தையும் யார் வேண்டுமானாலும் சொடுக்கித் திறக்கலாம். அத்தையின் கணக்கைத் திறக்க ‘பின்’ (PIN) எண் வைத்தோம். விண்டோஸ் விசையோடு எல் அழுத்தி எழுந்துபோவது இரண்டாம் நாளே அவருக்குப் பழகிவிட்டது. பேரனுக்குத் தனிக் கணக்கு திறந்து அவன் பள்ளிக் கோப்புகளை அங்கே மாற்றினோம். அவனுடையது நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு. நிர்வாகி உரிமை உள்ளவர் மற்றவர் உறைகளைத் திறந்துவிட முடியும் என்பதால் அந்த உரிமை அத்தையிடம் மட்டும் இருக்கிறது. எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவாக அவன் ஏதாவது மென்பொருள் நிறுவ வேண்டுமானால் அத்தைதான் வந்து பின் எண் தட்ட வேண்டும்.